மேடைக்குப் பின்னே நின்ற இசைப் பெரியார்

கச்சேரி முடிந்ததும் கைதட்டல் பாடியவருக்குப் போகும். பந்தல் போட்டவரையும், பாய் விரித்தவரையும், வந்தவர்களுக்கு உணவளித்தவரையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் அவர்கள் இல்லையேல் கச்சேரியே இல்லை. இந்த உண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிச் சென்றவர் இராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் எங்கள் பாடற்குழு திருவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் வீதி வீதியாகச் சென்று பாடும். குரல் தேர்வில் இடம் கிடைக்காத நாங்கள் ஆர்மோனியப் பெட்டியைச் சுமப்போம். சம்மனசுகளின் சிறகை ஒட்டுவோம். அடுத்துப் பாடவேண்டியவர்களை வரிசையாக நிறுத்துவோம். மேடை ஏறாத இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதும் உண்டு. பண்டிதரின் வரலாறு எங்களுக்கு நல்ல விடை தந்தது.

அவர் வேற்று நாட்டவர் அல்லர். இராஜபாளையத்திலிருந்து மலையை ஒட்டித் தெற்கே செல்லும் சாலை தென்காசிக்குப் போகிறது. அந்தத் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். மூலிகைகளின்மேல் இருந்த ஆவல் அவரைச் சுருளி மலைக்கு அழைத்துச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரிடம் சித்த மருத்துவம் பயின்றார்.

பின்பு அவரும் அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சாவூர் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றினர். சில ஆண்டுகளில் வேலையை விட்டு மருந்து தயாரிப்பதிலேயே முழுமூச்சாக இறங்கினார் பண்டிதர். தஞ்சைக்கு அருகே நிலம் வாங்கி, மூலிகை பயிரிட்டு, அதற்குத் தம் குருவின் பெயரால் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் நாடெங்கும் விற்பனையாயின, செல்வம் சேர்ந்தது.

அந்தச் செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதே நாம் அறியவேண்டிய செய்தி. இசை கற்கும் மாணவர்களுக்காகக் கிறிஸ்தவப் பாடல்கள் பலவற்றைத் தமிழில் இயற்றி, சுரக் குறிப்புகளுடன் வெளியிட்டார். பாட்டு எழுதியதோடு அவர் மனம் நிறைவு பெறவில்லை. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்று இசை நூல்கள் கூறிவந்தன. சிலப்பதிகாரம் முதலிய பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்த பண்டிதர், 12 சுரங்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து 24 ஆகும் என்று கணக்கிட்டார். இதைத் தாம் மட்டும் சொன்னால் போதாது, வித்துவான்கள் கூடி ஆராயவேண்டும் என்று எண்ணினார்.

ஆகவே 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916க்குள் ஏழு மாநாடுகள் நடந்தன. பல ஊர்களிலிருந்து பாடகர்களும் வீணை வித்துவான்களும் புலவர்களும் வந்தனர். செலவு முழுவதையும் பண்டிதரே ஏற்றார். அவர் காய்ச்சிய மருந்தும் பயிரிட்ட மூலிகையுமே அந்தச் சபைக்கு எண்ணெயும் திரியுமாக எரிந்தன. மேடையில் பாடியவர்கள் பலர். மேடையைத் தாங்கியவர் ஒருவர்.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பரோடா மன்னர் சாயாஜி ராவ் கெயிக்வாட் அகில இந்திய இசை மாநாட்டைக் கூட்டினார். பண்டிதர் தம் மக்களுடன் அவ்வளவு தூரம் பயணம் செய்தார். தம் கொள்கையை அவர் எடுத்துரைக்க, அவர் மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் அதை விளக்கிக் காட்டினர். குடும்பப் பெண்கள் சபையில் பாடத் துணியாத காலம் அது! நாடெங்கிலுமிருந்து வந்த வித்துவான்களுக்கு முன் தந்தை தம் பெண்மக்களை நிறுத்தினார் என்றால், வீட்டில் எத்தனை ஆண்டுகள் பொறுமையாகக் கற்பித்திருக்க வேண்டும்! அவருடைய கணக்கை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவுமில்லை. மறு ஆண்டே, 1917இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார்.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அறுபதாம் வயதில் பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். அந்நூலின் இரண்டாம் பகுதி அப்போது அச்சேறவில்லை. அவர் மகள் மரகதவல்லி அம்மையார் அதைக் காத்துவைத்து, 1946இல் வெளியிட்டார். இடையில் இருபத்தேழு ஆண்டுகள்! தந்தை வித்துவான்களுக்காகச் செய்ததை மகள் தந்தைக்காகச் செய்தார்.

அன்புத் தோழியரே, இறைவன் சிலருக்கு இனிய குரலைத் தருகிறார். சிலருக்குச் சுமக்கும் தோளைத் தருகிறார். இரண்டும் அவர் தந்த தாலந்துகளே. பாடும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் நமக்காக உழைப்பவர்களை நன்றியுடன் நினைப்போம். அவ்வாய்ப்புக் கிடைக்காதவர்கள் முணுமுணுக்காமல் பெட்டியைத் தூக்குவோம். அந்தப் பெட்டிக்குள்தானே பாட்டு இருக்கிறது!