மூன்று அழைப்புகள்

எந்தப் பணிக்காகப் பிறந்தோம் என்னும் வினா, இளமையில் எல்லார் உள்ளத்திலும் எழுவதே. விடையைச் சிலர் விருப்பத்தில் தேடுவர். சிலர் பெற்றோரின் அறிவுரையில் தேடுவர். சிலர் இறைவனிடம் கேட்டுக் காத்திருப்பர். வேண்டவே வேண்டாம் என்று விலக்கிய வழியையே இறைவன் காட்டிய வழியாகக் கண்டு, அதில் தம் வாழ்வு முழுவதையும் ஒப்படைத்தவர் மருத்துவர் ஐடா ஸ்கடர். வேலூர் என்றதும் கோட்டையோடு சேர்த்து மருத்துவமனையும் இன்று நம் நினைவுக்கு வருவதற்கு அவரே காரணர்.

விலக்க நினைத்த வழி

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும் பின்னர்ச் சென்னைக்கும் வந்து தொண்டாற்றிய மருத்துவர். தந்தையும் மருத்துவரே. அக்குடும்பத்தில் பலர் இந்நாட்டில் சமயப்பணியும் மருத்துவப்பணியும் மேற்கொண்டிருந்தனர்.

தென்னிந்தியாவை 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் வாட்டியது. பசியால் துவண்ட சிறுவர்களைக் குழந்தைப் பருவத்திலேயே ஐடா கண்டார். பின்னர் அமெரிக்காவில் உறவினரிடம் அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் பணியின்பொருட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். பஞ்சத்தின் நினைவும் பிரிவின் துயரும் அவருள் ஓர் உறுதியை வளர்த்தன. குடும்பத்தார் சென்ற வழியில் தாம் செல்வதில்லை. அமெரிக்காவிலேயே வசதியும் மகிழ்ச்சியும் நிறைந்த வாழ்வை அமைத்துக்கொள்வது என்பதே அவ்வுறுதி.

மாசசூசெட்சு மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் கல்வி முடித்த அவர், தாயார் நோயுற்ற செய்தி கேட்டு 1890இல் தமிழகம் வந்தார். தாயாரின் உடல் தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

ஓர் இரவு

அப்போது அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் வாழ்ந்தனர். ஓர் இரவில் அந்தணர் ஒருவர் வந்தார். பேறுகால வேதனையில் தவிக்கும் தம் இளம் மனைவியைக் காக்க ஐடாவை அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா எடுத்துரைத்தார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு மரபு இடந்தராது என்று கூறி அவர் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் இசுலாமியர் ஒருவரும், அவரை அடுத்து மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்தனர். அதே மறுமொழி கூறித் திரும்பினர்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடிந்தபோது இறப்பை அறிவிக்கும் பறையொலி கேட்டது. உசாவியபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்பது தெரிந்தது. மருத்துவர் இல்லாத ஊரன்று அது; ஒரே வீட்டின் ஓர் அறையில் மருத்துவர் இருந்தார். பெண் மருத்துவர் இல்லாமையே மூன்று உயிர்களைக் கொண்டுசென்றது.

ஐடா அறைக்குள் சென்று நெடுநேரம் இறைவனை வேண்டினார். தாம் விரும்பும் வாழ்வு ஒருபுறம். தம்மை நாடி வந்த மூவரின் முகங்கள் மறுபுறம். தெய்வத்தின் குரல் வானிலிருந்து ஒலிக்கவில்லை. ஆயினும் மனிதரின் தேவையே இறைவனின் அழைப்பு என்பது அவருக்குத் தெளிவாயிற்று. மருத்துவம் கற்றுத் திரும்பி வந்து, இந்நாட்டுப் பெண்களுக்குத் தொண்டாற்றப்போவதாகப் பெற்றோரிடம் கூறினார்.

கற்றலும் தொடக்கமும்

முடிவெடுத்தது ஓர் இரவில். அதற்குத் தகுதியாக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1895இல் ஃபிலடெல்ஃபியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவமனைக்கு நிதி திரட்டியபோது, ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலூரை வந்தடைந்தார். உடனிருந்து வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். பட்டறிவு குறைந்த இளம் மருத்துவராகத் தனித்து நின்றபோதும் ஐடா பின்வாங்கவில்லை. ஒரே கட்டில் கொண்ட சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். மக்கள் மெல்ல மெல்ல நம்பிக்கை கொண்டனர். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதோரைத் தேடி அவரே சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களே மருத்துவக் கூடங்களாயின.

தனி ஒருவரால் இயலாதது

எத்துணை உழைத்தாலும் ஒருவரின் இரு கைகள் எத்தனை உயிர்களைக் காக்க முடியும்? இந்தியப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் உருவாக வேண்டும் என்று அவர் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கு மருத்துவப் பள்ளி அமைக்க இசைவு வேண்டியபோது, போதிய பெண்கள் விண்ணப்பிப்பார்களா என்று அரசின் தலைமை மருத்துவ அலுவலர் ஐயுற்றார். வந்த விண்ணப்பங்களோ 151. 1918 ஆகஸ்டு 12இல் பள்ளி திறக்கப்பட்டது. 1922இல் பதினான்கு பெண்கள் மருத்துவராக வெளிவந்தனர்.

முதுமையிலும் ஒரு சோதனை வந்தது. பழைய உரிமச் சான்றிதழ்ப் படிப்புக்கு மாற்றாகப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பையே நடத்த வேண்டும் என்று அரசு விதித்தது. பள்ளி மூடப்படும் நிலை உருவாயிற்று. எழுபது வயதைக் கடந்தும் ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென்றே தாம் தொடங்கிய நிறுவனம் உருமாறுவதை ஏற்பது அவருக்கு எளிதன்று. எனினும் தம் திட்டத்தைவிடப் பணியே பெரிதென ஏற்றார். இளமையில் ஓர் இரவில் கற்ற பாடத்தை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

நிறைவு

தலைமைப் பொறுப்பு இந்தியரான மருத்துவர் ஹில்டா லாசரசிடம் சென்றது. ஐடா 1960 மே மாதத்தில் கொடைக்கானலில், 89ஆம் வயதில் மறைந்தார்.

அவர் தேடிய மகிழ்ச்சி அவருக்குக் கிட்டியது. தேடிய இடத்தில் அன்று. அன்று திண்டிவனத்தில் மூவரை வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்த வருத்தம், பின்னர் வந்த எண்ணற்றோருக்குத் திறந்த வாயிலாயிற்று. பணியைத் தேடும் இளைஞர், தமக்கு என்ன வேண்டும் என்பதோடு, தம் வாயிலில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாழ்வின் திசையை அறியும் வழிகளுள் அதுவும் ஒன்று என்பதை ஐடாவின் வாழ்க்கை காட்டுகிறது.