மாலை வழிபாடு

போர்பந்தரில் காந்தியடிகளின் அன்னை புத்திலிபாயின் குடும்பம் பிரணாமி மரபைச் சார்ந்தது. அம்மரபினரின் கோயிலில் இந்து சமய நூல்களோடு குர்ஆனும் ஓதப்பட்டது. இளமையில் செவியுற்ற அவ்வொலி, பின்னாளில் அவர் நிறுவிய ஆசிரமத்தின் வழிபாட்டிலும் இடம்பெற்றது. கீதையும் குர்ஆனும் கிறித்தவப் பாடல்களும் அங்கு ஒரே மாலையில் ஒலித்தன.

அரசியல் மேடையில் அச்சமய மொழி எளிதாக ஏற்கப்படவில்லை. சிற்றூர் மக்களின் நாவில் வழங்கிய இராமராஜ்யம் என்னும் சொல்லால் அவர் நல்லாட்சியைச் சுட்டினார். முஸ்லிம் லீக்கினரோ அதனை இந்துக்களின் ஆதிக்கமாகவே கருதினர். அஃது இந்து அரசன்று, இறையரசே என 1929இல் அவர் எழுதி விளக்கினார். எனினும் நம்பிக்கை குலைந்தோரிடம் விளக்கம் பயன் தரவில்லை. அவர்களின் அச்சத்தையும் முற்றிலும் காரணமற்றது எனத் தள்ளுதல் இயலாது.

வங்கத்து நவகாளியில் கலவரம் மூண்டபின், 1946 நவம்பரில் அங்குச் சென்றார். ஊர் ஊராக நடந்தார். இராமனையும் ரஹீமையும் இணைத்துப் பாடியபோது முஸ்லிம்கள் சிலர் கூட்டத்தை விட்டு எழுந்து சென்றனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தில்லியின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. குர்ஆன் ஓதத் தொடங்கியதும் இந்து இளைஞர் சிலர் தடுத்தனர். கூடியிருந்த பெரும்பாலோர் வழிபாட்டை விரும்பினர். தடுத்தோரை வெளியேற்றவும் முனைந்தனர். காந்தியடிகள் அதற்கு உடன்படவில்லை. குர்ஆனை மட்டும் விடுத்து ஏனையவற்றை ஓதவும் இசையவில்லை. வழிபாடு முழுவதையும் நிறுத்திவிட்டு எழுந்தார். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. சிலரின் தடைக்குப் பலர் பணிவதா எனத் தொண்டர்கள் மனம் வருந்தினர். வலிமையால் காக்கப்படும் வழிபாடு வழிபாடாகாது என்பது அவர் கொள்கை.

நாடு பிரிந்தபின் எதிர்ப்பு கடுமையாயிற்று. பஞ்சாபில் உற்றாரை இழந்து தில்லி முகாம்களில் தங்கியோருக்கு அவ்வோதுதல் ஆறாப் புண்ணைக் கிளறியது. அவர்களின் துயரை அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் குர்ஆனைக் கைவிடவில்லை. பிர்லா மாளிகையில் மாலைதோறும், மறுப்போர் உளரோ என முதலில் வினவினார். மறுப்போர்மீது சினம் கொள்ளலாகாது எனக் கூடியிருந்தோரை வேண்டிக்கொண்டார்.

1948 ஜனவரி 20 அன்று அவ்வழிபாட்டுத் திடலருகே குண்டு வெடித்தது. அதன்பின் வருவோரைச் சோதிக்கக் காவல்துறையினர் விரும்பினர். வழிபாட்டுக்கு வருவோரைச் சோதித்தலை அவர் ஏற்கவில்லை. ஜனவரி 30 அன்று, வல்லபாய் படேலுடன் நிகழ்ந்த உரையாடல் நீண்டதால் சற்றுக் காலந்தாழ்ந்தது. மாலை ஐந்து மணி கடந்தபின், திடலை நோக்கி விரைந்து நடந்துகொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.