கோவை தந்த கருவி மேதை ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. நாடறிந்த பெயர் ஜி. டி. நாயுடு. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்.

பெரியோர் வரலாற்றை எழுதும்போது, அவர் வகுப்பில் முதல் மாணவராக விளங்கினார் என்று தொடங்குவது வழக்கம். இவர் வரலாற்றில் அதற்கு வழியே இல்லை. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்று சொல்கிறார்கள். (அருட்சகோதரிகள் எங்களை மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் வேளையில் இதை எழுத எங்களுக்கே தயக்கம்தான்!) தொடக்கக் கல்வியோடு அவர் படிப்பு நின்றது.

ஒரு நாள் லங்காஷயர் என்ற ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞருக்கு அன்று முதல் வேறு நினைவே இல்லை. கோவைக்குப் போய் ஓர் உணவு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். மேசை துடைத்தும் பரிமாறியும் காசு காசாகச் சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். அது 1912ஆம் ஆண்டு மாடல் ரட்ஜ் வண்டி. வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டார். பிறகு தாமே திரும்பப் பூட்டினார். இயந்திரக் கல்வியில் அவர் படித்த முதல் பாடம் அதுதான்.

பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பம்பாயில் இழந்தார். 1920ஆம் ஆண்டு, ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கொடுத்த உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். என்ற அந்த நிறுவனம் 1933இல் ஏறத்தாழ 280 பேருந்துகளுடன் ஓடியது. இந்தச் சாதனையைப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். எங்களைக் கவர்ந்தது அவருடைய காமிரா.

வெளிநாடு சென்றபோதெல்லாம் அவர் கையில் காமிரா இருந்தது. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படச்சுருளில் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படம் எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? சினிமாக் காமிராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். இன்று கைப்பேசியை நீட்டினால் படம் தானே தெளிவாகிறது. அக்காலத்தில் காமிராவுக்கும் ஆளுக்கும் எத்தனை அடி என்று கண்ணால் மதிப்பிட்டோ நாடா பிடித்து அளந்தோ, அதற்கேற்ப லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். நிற்கும் ஆளுக்கு இது போதும். நடந்துவரும் ஆளை எடுத்தால் தூரம் நொடிக்கு நொடி மாறும், முகம் மங்கிவிடும். ஆகவே அது ஒரு பணக்காரரின் பொழுதுபோக்குக்காகச் செய்த கருவி என்று தள்ளிவிட முடியாது.

அதே ஆண்டுகளில் ஜப்பானில் யோஷிடா கோரோ என்பவர் இருந்தார். சினிமாக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். விலையுயர்ந்த ஜெர்மானிய லைக்கா காமிரா ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வைரமா இருந்தது? பித்தளை, அலுமினியம், ரப்பர், அவ்வளவே. இதற்கா இத்தனை விலை என்று வியந்தவர், 1933இல் டோக்கியோவில் ஒரு குடியிருப்பு அறையில் சிலரோடு சேர்ந்து சிறு பட்டறை தொடங்கினார். 1934இல் குவானன் என்ற மாதிரிக் காமிரா பிறந்தது. அதுவே பிற்காலத்துக் கேனன் நிறுவனத்தின் வித்து. லென்ஸ் செய்ய அவர்களுக்குத் தெரியாது. அதனை நிப்பான் கோகாகு என்ற வேறு நிறுவனம் செய்து கொடுத்தது. 1936இல் காமிரா கடைக்கு வந்தபோது யோஷிடா அங்கே இல்லை. முன்பே விலகிவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இத்தகைய பட்டறைகள் ஏராளமாக முளைத்தன. ஒருவரிடம் ஷட்டர், மற்றொருவரிடம் லென்ஸ் வாங்கி, தம் பெயரைப் பொறித்து விற்றன. ஆரணிக்காரர்களுக்கு இது புதிதாக இராது. இங்கே சாயம் ஏற்றுபவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் ஒருவர், தறியில் உட்காருபவர் ஒருவர். பட்டுச் சேலையில் பார்ப்பதோ கடையின் பெயரை மட்டும்! 1954இல் ஏற்றுமதிக் காமிராக்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்று அங்கே அமைந்தது. தரமில்லாதவை கழிந்தன. சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை பெயர் தெரியாமல் மறைந்தன. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்தது.

நாயுடுவுக்கு அது கிடைத்ததா? ஜெர்மனியில் அவர் உருவாக்கிய ரசாந்த் என்ற சவரக் கருவி உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் கொண்டது. மிக மெல்லிய சவர பிளேடும், பழச்சாறு பிழியும் கருவியும், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறியும் செய்தார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் பீளமேட்டில் செய்த மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனக் குறிப்பிடப்படுகிறது. 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தயாரிக்க முன்வந்தார். அரசு உரிமம் தரவில்லை.

இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதை அரசின் உரிமம்தான் தீர்மானித்தது. புதிதாய் விடுதலை பெற்ற நாடு, இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைவு, ஆகவே கட்டுப்பாடு வேண்டியதே என்றனர் சிலர். மறுக்க முடியாது. ஆனாலும் 2,000 ரூபாய்க் கார் நன்றாக ஓடுமா ஓடாதா என்பதைச் சாலை சொல்லியிருக்க வேண்டும், கோப்பு அல்ல என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். ஜக்கார்டுப் பெட்டி மக்கர் செய்தால் அப்பாக்களே கழற்றிச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கை ஒரு புதுப் பெட்டியைச் செய்தால் அதை விற்க யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி எங்களுக்குப் பாடநூல் கேள்வியாகத் தோன்றவில்லை.

பள்ளியைவிட்டு ஓடியவர் பள்ளி கட்டியதையும் சொல்ல வேண்டும். 1945இல் அப்போதைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைய நாயுடு பொருள் தந்தார். அதன் முதல்வரும் அவரே. நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குகிறது, கைவேலையோடு கற்பித்தால் விரைவில் முடிக்கலாம் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை. பதவியை உதறினார். அதே நிறுவனம்தான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவர் சொன்ன குறுகிய படிப்பு நல்லதா என்பதில் எங்கள் பெற்றோர் ஒப்ப மாட்டார்கள். நாங்களும் முழுதாக ஒப்பவில்லை. பாலமும் மின்நிலையமும் கட்டுபவர் கணக்கை அவசரமாகப் படிக்கலாகாது அல்லவா?

நாயுடு 1967இல் தொழிற்காட்சி ஒன்றைக் கோவையில் நிறுவினார். 1974 ஜனவரி 4ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே அவிநாசி சாலையில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. உணவு விடுதியில் காசு சேர்த்து வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் குடும்பத்தார் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.