ரிச்சர்டு டிரெவிதிக்

ரயில் என்றதும் ஸ்டீவன்ஸனை நினைப்போர் பலர். அவருக்கு முன்னரே தண்டவாளத்தின்மீது நீராவி வண்டியை ஓட்டிக்காட்டிய ரிச்சர்டு டிரெவிதிக்கை அறிந்தோர் சிலரே. அவருடைய வரலாற்றை நம் வாசகர்கள் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில், வெள்ளீயச் சுரங்கங்களும் தாமிரச் சுரங்கங்களும் சூழ்ந்த சிற்றூரொன்றில் அவர் 1771-இல் பிறந்தார். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்தாலன்றி உலோகத்தை எடுத்தல் இயலாது. இறைக்கும் யந்திரத்திற்கு வேண்டிய நிலக்கரியோ வேல்ஸிலிருந்து கடல்வழியே வரவேண்டும். ஆகவே, குறைந்த கரியில் மிகுந்த வேலை செய்யும் யந்திரமே அந்நாட்டாரின் தேவையாயிற்று. ஜேம்ஸ் வாட் அபாயகரமானதென்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை டிரெவிதிக் துணிந்து கையாண்டார். சிறு யந்திரத்தில் பேராற்றல் பிறந்தது. 1804-இல் வேல்ஸிலுள்ள பெனிடாரனில் அவரது வண்டி பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் இழுத்துச் சென்றது. ஆனால் அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன, முயற்சி கைவிடப்பட்டது.

அக்காலத்தில் பெரு நாட்டின் செர்ரோ தெ பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. காற்றழுத்தம் குறைந்த அம்மலையுச்சிக்கு டிரெவிதிக்கின் யந்திரமே ஏற்றதாயிருந்தது. 1814-இல் யந்திரங்களை அனுப்பிய அவர், 1816-இல் தாமே கப்பலேறினார். செல்வம் கைக்கெட்டும் வேளையில் ஸ்பெயினின் ஆதிக்கத்தை எதிர்த்து விடுதலைப் போர் மூண்டது, யந்திரங்கள் சேதமுற்றன, அவர் யாவற்றையும் இழந்தார். பின்னர்க் கோஸ்டாரிக்காவில் சுரங்கம் தேடி, காடுகளைக் கடந்து, 1827-இல் கார்த்தஹேனா துறைமுகத்தை வெறுங்கையராய் அடைந்தார். ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்துதவியவர் ஸ்டீவன்ஸனின் மகன் ராபர்ட்டே என்பது விதியின் விந்தையன்றோ!

அந்நியத் தளையை அறுக்க எழுந்த பெரு மக்களை நாம் குறைகூற ஒருப்படோம். போரின் நஷ்டம் யாருக்கும் நேரக்கூடியது. ஆனால், அவருடைய யந்திரங்களால் கார்ன்வால் சுரங்க முதலாளிகள் பெருந்தொகை மிச்சப்படுத்தியிருந்தும், 1828-இல் அவர் உபகாரச் சம்பளம் வேண்டியபோது பார்லிமெண்டு மறுத்துவிட்டது. இதை மன்னித்தல் எங்ஙனம்? 1833-இல் டார்ட்போர்டு நகரில் அவர் வறியவராய் மாண்டார். அடக்கச் செலவை ஏற்றவர்கள் உடனுழைத்த தொழிலாளர்கள். அவருடைய பெயரால் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சித்திரச் சாளரம் அமைந்தது 1888-இல்தான்.

அறிவாளிகளை உயிரோடிருக்கும்போது பட்டினியிட்டு, மாண்டபின் மாலையிடுவது எந்நாட்டிற்கும் பெருமையாகாது. சுதந்திர நாடு என்னும் பெயருக்குத் தகுதியடைய விரும்பும் எச்சமூகமும் இதனை நெஞ்சிற் கொள்ளுதல் நலம்.