புடவையில் பறந்தவர் – சரளா தக்ரால்

விமானி என்றதும் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, தொப்பிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா சரளா தக்ரால் விமானம் ஏறினது புடவையோடு! நம்ம அம்மாபேட்டைத் தறியில் நெய்றாங்களே, அதே புடவைதான்.

1914-ல் பிறந்தார். 16 வயசில் கல்யாணம். கணவரும் விமானி. 1936-ல், 21 வயசில், லாகூரில் ஜிப்சி மாத் விமானத்தைத் தனியா ஓட்டினார். அப்போ வீட்டில் 4 வயசு மகள்!

1939-ல் கணவர் விமான விபத்தில் இறந்துட்டார். வேலைக்கான விமானி ஆகப் பயிற்சிக்குப் போனார். உலகப்போர் வந்து அதுவும் நின்னு போச்சு. விமானிச் சீருடை போடவே முடியலை. ஆனாலும் சோர்ந்து உட்காரலை. ஓவியம் கத்துக்கிட்டு, உடையும் நகையும் வடிவமைத்துத் தொழிலில் ஜெயித்தார். 2008-ல் மறைந்தார்.

இன்னைக்கு எத்தனையோ பெண்கள் விமானிச் சீருடையில் நிமிர்ந்து நடக்கிறாங்க. அதைப் பார்க்கும்போது அந்தப் புடவையையும் நினைப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி