பைலட் தேர்வில் ஃபெயில்... குதிரைப்படை வீரர் 'ரெட் பேரன்' ஆனது எப்படி?

ரெட் பேரன். முதல் உலகப் போரைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்குக்கூட இந்தப் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். வீடியோ கேம், ஹாலிவுட் படம், ஸ்னூப்பி கார்ட்டூன் என்று எல்லா இடத்திலும் வந்துபோகும் பெயர் அது. நிஜப் பெயர் மான்ஃபிரெட் வான் ரிக்தோஃபென். ஜெர்மனி விமானப் படையில் 80 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். அந்தப் போரில் வேறு எந்த நாட்டு விமானியும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

ஆனால் இவர் பிறவி விமானி கிடையாது. முதல் முறை தனியாகப் பறந்தபோது தரையிறக்கத் தெரியாமல் விமானத்தை உடைத்தவர். பைலட் தேர்வில் முதல் முயற்சியில் ஃபெயில் ஆனவர். அதற்கு முன்பு ராணுவத்துக்குள்ளேயே குதிரைப்படை, தகவல் தொடர்பு, சப்ளை என்று வேலை மாறி மாறிப் பார்த்தவர். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குதிரைதான் முதல் காதல்

1892 மே 2. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார் ரிக்தோஃபென். இன்றைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் விராட்ஸ்வாஃப். பிரபுக் குடும்பம். அப்பா குதிரைப்படை அதிகாரியாக இருந்து, உடல்நிலை காரணமாகச் சீக்கிரமே ஓய்வு பெற்றவர்.

11 வயதில் பையனை ராணுவப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. படிப்பில் பாஸ் ஆகத் தேவையான அளவுக்கு மேல் ஒரு மார்க்கூட எடுக்க மெனக்கெடவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மரம் ஏறுவது, ஜிம்னாஸ்டிக்ஸ், வேட்டை இதெல்லாம்தான் பிடிக்கும். ஒரு தடவை ஊர் தேவாலயக் கோபுரத்தில் இடிதாங்கியைப் பிடித்து உச்சிவரை ஏறி, அங்கே கைக்குட்டையைக் கட்டிவிட்டு இறங்கினாராம்.

பள்ளி முடிந்ததும் உலான் எனப்படும் ஈட்டி ஏந்தும் குதிரைப்படைப் பிரிவில் சேர்ந்து, 1912-ல் அதிகாரி ஆனார். குதிரைப் பந்தயம், பரிசுக் கோப்பைகள் என்று போனது வாழ்க்கை. 1914 ஆகஸ்டில் போர் வந்தது.

வேலையே காணாமல் போனது எப்படி?

ஆரம்பத்தில் ரஷ்ய எல்லையிலும், பிறகு பெல்ஜியம், பிரான்ஸ் பக்கமும் குதிரையில் ரோந்து போனார். பெல்ஜியத்தில் ஒரு காட்டுப் பாதையில் எதிரி பதுங்கியிருந்து சுட்டதில், இவர் அழைத்துப் போன வீரர்கள் பலரை இழந்துவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு போரின் முகமே மாறியது. இரண்டு பக்கமும் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் முள்கம்பி வேலி. எதிரே மெஷின் கன். இதில் குதிரையில் ஈட்டியோடு பாய்ந்தால் என்ன ஆகும்? பல வருஷம் பயிற்சி எடுத்துக் கற்ற தொழில், சில மாதத்தில் செல்லாக்காசானது.

குதிரைப்படைக்காரர்களுக்கு வேறு வேலைகள் கொடுத்தார்கள். ரிக்தோஃபெனுக்குக் கிடைத்தது தகவல் கொண்டுபோகும் வேலை, டெலிபோன் லைன் பார்க்கும் வேலை. குண்டு விழும் இடத்திலிருந்து பல நூறு மீட்டர் தள்ளிப் பாதுகாப்பான குழியில் இருந்தார். பலருக்கு இது வரம். அவருக்கு அவமானமாக இருந்தது. பொழுதுபோகாமல் பக்கத்துக் காட்டில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனார்.

அடுத்து சப்ளை பிரிவுக்கு மாற்ற உத்தரவு வந்தது. பாலாடைக்கட்டியும் முட்டையும் சேகரிக்கவா போருக்கு வந்தேன் என்ற தொனியில் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார் என்று ஒரு கதை பிரபலம். கடிதத்தின் வாசகம் எப்படியோ, விமானப் படைக்கு மாற்றல் கேட்டது உண்மை. 1915 மே மாதக் கடைசியில் மாற்றல் கிடைத்தது.

பைலட் வேண்டாம், அப்சர்வர் போதும்!

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். அவர் முதலில் பைலட் ஆக விரும்பவில்லை. காரணம், அவசரம். பைலட் பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் போர் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். அப்சர்வர் பயிற்சி சில வாரம்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் இரட்டை இருக்கை விமானத்தில் அப்சர்வர்தான் பெரிய ஆள். எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பது, வழி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், அப்சர்வர் ஜீப்பில் உட்காரும் ஆபீசர், பைலட் அந்த ஜீப்பின் டிரைவர்.

முதல் பறப்பே சொதப்பல். காற்றில் தலைக்கவசம் நகர்ந்தது, கழுத்துத் துணி பறந்தது, பேசினால் பைலட்டுக்குக் கேட்கவில்லை, எழுதிக் காட்டலாம் என்று எடுத்த பேப்பரும் பறந்துபோனது. கீழே பார்த்தால் எந்த ஊர் என்றே தெரியவில்லை. வழி காட்ட வேண்டியவர் இவர்! ஆனாலும் இறங்கும்போது இனி இதுதான் நம் வேலை என்று முடிவு செய்துவிட்டார்.

ரஷ்ய முனையில் சில மாதம் அப்சர்வராகப் பறந்தார். அங்கிருந்து பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகருக்குப் போனார். அங்கே குண்டு போட்ட குஷியில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்ட, சுழலும் புரொப்பெல்லர் சுண்டுவிரலில் பட்டுவிட்டது. போரில் அவருக்கு ஏற்பட்ட முதல் காயமே இப்படித்தான்.

ரயிலில் ஒரு சந்திப்பு

1915 அக்டோபர் தொடக்கம். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் எதிர் மேஜையில் ஒருவர். ஓஸ்வால்ட் போல்கே. அப்போதே 4 விமானங்களை வீழ்த்தி ஜெர்மனி முழுக்கத் தெரிந்த முகம். எப்படி வீழ்த்துகிறீர்கள் என்று ரிக்தோஃபென் நேராகவே கேட்டுவிட்டார். பக்கத்தில் போய்க் குறிபார்த்துச் சுட்டால் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்கிற மாதிரி சாதாரணமாகப் பதில் வந்தது.

இவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார், ஆனால் விழவில்லை. ஒரே ஒரு பிரெஞ்சு விமானத்தை வீழ்த்தியிருந்தார். அதுவும் எதிரிப் பகுதியில் விழுந்ததால் கணக்கில் சேரவில்லை. வித்தியாசம் எங்கே என்று யோசித்தார். போல்கே விமானத்தைத் தானே ஓட்டுகிறார். நாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

பைலட் ஆகியே தீருவது என்று அன்றைக்கு முடிவெடுத்தார். நண்பரும் பைலட்டுமான ஸாய்மர் என்பவர் பாடம் எடுத்தார். 25 பயிற்சிப் பறப்புகள். அக்டோபர் 10-ம் தேதி தனியாகப் பறக்கச் சொன்னார்.

மேலே போனது நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது கட்டுப்பாடு போய், விமானம் தரையில் மோதி உடைந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து முதல் தேர்வு. சொன்னபடி எட்டுப் போட்டு, பலமுறை தரையிறக்கிக் காட்டி, பெருமையோடு இறங்கினார். பாஸ் ஆகவில்லை என்றார்கள். (பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டு ஃபெயில் ஆனவர்கள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.)

பெர்லின் அருகே டோபெரிட்ஸ் முகாமில் மறுபடி பயிற்சி. 1915 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் கடைசித் தேர்வில் தேறினார்.

இத்தனை வாய்ப்பு கிடைத்ததில் அவருடைய பிடிவாதத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் பிரபுக் குடும்பத்து அதிகாரி என்பதையும் மறந்துவிட முடியாது. அதே பதுங்கு குழியில் கிடந்த சாதாரண சிப்பாய் வேலை பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது நமக்கே தெரியும்.

இந்தியர் ஒருவரும் இதே வானத்தில்

இதே போரில் எதிரணியில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். கண் பார்வை சரியில்லை என்று பிரிட்டிஷ் விமானப் படையில் நிராகரித்தார்கள். தன் மோட்டார் பைக்கை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்து உள்ளே போனார். 1917 நவம்பரில் விமானம் மோதிக் காயம். மீண்டு வந்து 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றி. அந்த மாதம் 22-ம் தேதி பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19.

80 வெற்றி... எப்படி?

பைலட் ஆன பிறகும் ரிக்தோஃபெனுக்கு உடனே வாழ்வு வந்துவிடவில்லை. 1916-ல் வெர்டன் பக்கமும், பிறகு ரஷ்ய முனையிலும் குண்டு போடும் வேலைதான். ஆகஸ்டில் புதிய சண்டை விமானப் பிரிவுக்கு ஆள் தேடி வந்தார் அதே போல்கே. இவரைத் தேர்ந்தெடுத்தார்.

செப்டம்பர் 17-ம் தேதி பிரான்ஸின் கம்ப்ரே அருகே முதல் அதிகாரப்பூர்வ வெற்றி. விழுந்த பிரிட்டிஷ் விமானத்தின் பக்கத்திலேயே போய் இறங்கினார். அதில் இருந்த இருவருமே இறந்துபோனார்கள். பெர்லின் நகைக்கடைக்குச் சொல்லி, தேதியும் விமான வகையும் பொறித்த வெள்ளிக் கோப்பை ஒன்று செய்து வாங்கினார். அதன்பிறகு ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கோப்பை. 60-வது கோப்பையோடு நின்றது. ஜெர்மனியில் வெள்ளி கிடைக்காமல் போய்விட்டது.

படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. கோப்பைகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் 20 வயதைத் தாண்டாத பையன்கள்.

சாகசம் காட்டிப் பறப்பதில் அவர் பெரிய ஆள் இல்லை என்பார்கள். அவருடைய தம்பி லோத்தார்தான் துணிச்சலாகப் பாய்கிறவர், அவர் கணக்கில் 40 வெற்றி. அண்ணன் வேட்டைக்காரர். உயரத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக் காத்திருப்பார். மிக அருகில் போகாமல் சுட மாட்டார். காட்டுப்பன்றியிடம் கற்ற பொறுமையும், அப்சர்வராக இருந்தபோது பழகிய கண்ணும் இங்கே கைகொடுத்தன என்றே தோன்றுகிறது.

1917 ஜனவரியில் ஜெர்மனியின் உயரிய வீர விருது வந்தது. ஒரு படைப்பிரிவின் தலைமையும் கிடைத்தது. அப்போதுதான் விமானத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார். அந்த ஏப்ரலில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார்.

கடைசி மாற்றல் உத்தரவு

1917 ஜூலை 6. வானில் ஒரு குண்டு தலையில் உரசியது. சில நொடி கண் தெரியவில்லை, கை கால் அசையவில்லை. எப்படியோ தரையிறக்கினார். அதன்பிறகு தலைவலி விடவில்லை. ஒவ்வொரு சண்டை முடிந்தும் மனசு சோர்ந்துபோவதாக எழுதினார். அந்த வருஷம் வெளியான தன் புத்தகத்தின் திமிரான நடை அவருக்கே பிடிக்காமல் போனது.

தரையிலேயே ஒரு பாதுகாப்பான பதவி தருகிறோம் என்றார்கள். குதிரையிலிருந்து டெலிபோனுக்கு, டெலிபோனிலிருந்து விமானத்தின் பின் இருக்கைக்கு, அங்கிருந்து முன் இருக்கைக்கு என்று மாறிக்கொண்டே வந்தவர், இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மறுத்துவிட்டார். பதுங்கு குழியில் கிடக்கும் சிப்பாய்க்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லையே என்பது அவர் சொன்ன காரணம்.

1918 ஏப்ரல் 21, பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதி. சண்டைக்கே புதிதான ஒரு கனடா விமானியைத் துரத்திக்கொண்டு மிகத் தாழ்வாக எதிரிப் பகுதிக்குள் போய்விட்டார். ஒரே ஒரு குண்டு மார்பில் பாய்ந்தது. சுட்டது யார் என்ற சர்ச்சை 100 வருஷமாக ஓடுகிறது. பின்னால் வந்த கனடா விமானி ராய் பிரவுன் பெயரில்தான் முதலில் வெற்றி பதிவானது. தரையிலிருந்து சுட்ட ஆஸ்திரேலிய வீரர்களில் ஒருவர்தான் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 26-வது பிறந்தநாளுக்கு 11 நாள் பாக்கி இருந்தது.

மறுநாள் ஆஸ்திரேலிய விமானப் படையினரே முழு ராணுவ மரியாதையோடு பெர்டாங்கிள்ஸ் என்ற பிரெஞ்சு கிராமத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். போர் முடிந்ததும் உடல் ஃபிரிக்கூர் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. 1925-ல் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். 1975-ல் அங்கிருந்தும் எடுத்து வீஸ்பாடன் நகரில் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். இப்போது இருப்பது அங்கேதான்.