ஒரே நாளில் புறப்பட்டவர்

இரண்டு நாள் சுற்றுலாவுக்கே நாம் ஒரு வாரம் முன்பிருந்து பெட்டியை அடுக்குகிறோம். புனித பிரான்சிஸ் சவேரியாருக்கோ இந்தியாவுக்குப் புறப்பட ஒரு நாள்தான் கிடைத்தது. 1540 மார்ச் மாதம் உரோமை நகரில், இந்தியாவுக்குப் போகவேண்டிய பொபதில்லா என்ற தோழர் நோயில் விழுந்தார். தலைவரான புனித இஞ்ஞாசியார் சவேரியாரை அனுப்பத் தீர்மானித்தார். சவேரியார் தம் கிழிந்த ஆடைகளைத் தைத்துக்கொண்டு, மறுநாளே கிளம்பிவிட்டார்.

இந்த மனம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1506 ஏப்ரல் 7 அன்று நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தவர் அவர். பாரீசில் படித்து, தத்துவ ஆசிரியரும் ஆனார். விளையாட்டிலும் கெட்டிக்காரர். பெரிய பதவியும் பேரும் பெறவேண்டும் என்பதே அவர் ஆசை. அதே அறையில் தங்கவந்த இஞ்ஞாசியார் அவருடைய மனத்தை மாற்றச் சில ஆண்டுகள் ஆயின. 1534 ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றில் தோழர் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அதன் பின்னர் சவேரியார் ஒரு மாத ஞான ஒடுக்கத்தில் இருந்தார்.

எருசலேமுக்குப் போவதே அவர்கள் எண்ணம். பாரீசிலிருந்து நடந்தே 1537 சனவரியில் வெனிஸ் நகரை அடைந்து கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். சும்மா இருக்கவில்லை. தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் சவேரியார் படுக்கை விரித்தார், புண்களைக் கழுவினார். புனிதர்களுக்கு இதெல்லாம் எளிது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவருக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. மனத்தை அடக்கித்தான் பழகினார். சூன் 24 அன்று குருப்பட்டம் பெற்றபின், முதல் திருப்பலிக்கு ஆயத்தமாக நாற்பது நாள் பிச்சையுணவில் ஏகாந்தமாகத் தவமிருந்தார். துருக்கியருடன் போர் மூண்டதால் எருசலேம் கப்பல் புறப்படவேயில்லை. ஓர் ஊருக்கென்று செய்த ஆயத்தம் வேறோர் ஊருக்கு உதவியது!

1541-ல், தம் பிறந்தநாளன்றே லிஸ்பனில் கப்பலேறினார். திருத்தந்தையின் தூதராயிருந்தும் வேலைக்காரன் வேண்டாமென்று மறுத்து, தம் துணியைத் தாமே துவைத்தார். கப்பல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். வெனிஸ் பழக்கம் அல்லவா! பதின்மூன்று மாதங்களுக்குப்பின், 1542 மே 6 அன்று, கோவா வந்து சேர்ந்தார்.

ஒன்றை மட்டும் அவர் முன்பே ஆயத்தம் செய்ய முடியவில்லை. அது நம் தமிழ். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தவர், இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, எழுத்துப் படிக்கும் சிறுவனைப்போல் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்க அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நம் வயதினரும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது.

மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், ஜப்பான் எல்லாம் சென்று, கடைசியாகச் சீனாவுக்குப் போகத் துணிந்தார். கரைக்கு அருகே சான்சியன் தீவில், தம்மை ஏற்றிச்செல்வதாகச் சொன்ன சீன வணிகருக்காகக் காத்திருந்தார். காய்ச்சல் கண்டது. 1552 டிசம்பர் 3 அன்று தம் நாற்பத்தாறாம் வயதில், ஓலைக்குடிசை ஒன்றில் உயிர் நீத்தார். வணிகரின் படகு கடைசிவரை வரவில்லை.